உப்புச் சாக்கை வாசிக்க வைத்த கலரக்காவுக்கு

அன்பின் அணையாத அடுப்பே! அறிவின் ஆறாத சூடே! கண்டிப்பையும் கனிவையும் கச்சிதமாகக் கலந்து பிசைந்த கைராசியே! முப்பது ஆண்டுகள் முகம் கோணாமல், முதல் சங்கு ஊதும் முன்னரே வாசலில் நின்று, கடைசி விளக்கு அணைந்த பின்னரே வீடு திரும்பிய கடமையின் கண்மணியே! மாவும் சர்க்கரையும் மணக்கும் இந்தப் பிஸ்கட் ஆலையில் மொழியையும் மணக்கச் செய்த மாதரசியே! உற்பத்திப் பிரிவின் மேற்பார்வையாளராக வந்து, எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் மூத்த உறவாக மாறிப்போன அக்காவே! பணி நிறைவு பெறும் இந்தப் பொன்னாளில், பிசையறை முதல் பேக்கிங் வரை அத்தனை பிரிவினரும் ஒன்றாக எழுந்து நின்று தங்களை வணங்குகிறோம்!

மடல் எழுதும் பொறுப்பு பேக்கிங் பிரிவின் தலையில் விழுந்தது. எங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஆலை அறிந்த செய்தி என்பதால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். வழக்கம்போல் கணக்கர் ஐயாதான் வாசிக்கிறார். கடைசித் தாளை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் இருக்கையில் தங்க மாட்டீர்கள். சென்ற முறை சிறந்த பணியாளர் விருதுக்குத் தங்கள் பெயரைச் சொன்னபோது, "அடுப்புல ஏதோ தீயுற வாசம் வருது" என்று பின்வாசல் வழியாக நழுவிவிட்டீர்கள். அன்று ஆலைக்கு விடுமுறை, அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆகவே இந்த மடலில் 'தாங்கள்' என்ற சொல்லை இத்தோடு கட்டிவைத்துவிட்டு, 'அவர்' என்றே சொல்லப் போகிறோம். எங்கோ ஓர் ஆலையில் கலரக்கா என்று ஒருவர் இருந்தார், அவர் கதையை யாரோ யாருக்கோ சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள். பின்வாசலைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் அண்ணன் சட்டைப்பையில் போட்டிருக்கிறோம் என்பதையும் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

கலரக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த ஆலையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் அலுவலக அறையோடு சரி. பிசையறையிலும் அடுப்புக்கூடத்திலும் இருந்தவர்கள் உழைப்பில் புலிகள். எழுத்து என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். புதிதாக வந்த மேற்பார்வையாளர் தலையில் கைவைத்து உட்காரவில்லை. பெயிண்ட் டப்பாவைத் தூக்கினார். சரக்கு அனுப்புகிற கடைக்காரர்களிடம், சர்க்கரைச் சாக்கின் வாயை நீலக் கயிற்றால் கட்டி அனுப்பச் சொன்னார். உப்புக்குச் சிவப்புக் கயிறு, பால்பொடிக்கு மஞ்சள் கயிறு. தண்ணீர்க் குழாய்க்குப் பச்சை, எண்ணெய்க் குழாய்க்குக் கறுப்பு. வாளிக்கும் கரண்டிக்கும் கதவுக்கும்கூட நிறம் வந்தது. ஓர் எழுத்தைக்கூட ஏறெடுத்துப் பாராமல் ஓர் ஆலை முழுவதும் கடகடவென்று ஓடியது! வேறு ஆலைக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். முதலாளி போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கலரக்காவுக்கும் அதில் உள்ளூரக் கர்வம் உண்டு. இல்லை என்று நாங்கள் சொன்னால் அது புகழ்ச்சி ஆகாது, புளுகு ஆகிவிடும்.

பிறகு வந்தது அந்த உப்பு.

உப்பு அனுப்புகிற கடைக்காரரிடம் ஒருநாள் சிவப்புக் கயிறு தீர்ந்துவிட்டது. மனிதர் யோசிக்கவே இல்லை; கைக்கு அகப்பட்ட நீலக் கயிற்றால் கட்டி அனுப்பிவிட்டார். சாக்கின் வயிற்றில் 'உப்பு' என்று உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்திருந்தது. பிசையறையில் நின்றவர் எங்கள் மாவு மச்சான். தலைமுடி முதல் கால்விரல் வரை எந்நேரமும் மாவோடு திரிவதால் அந்தப் பெயர், எல்லோருக்கும் மச்சான். அவர் நீலத்தைப் பார்த்தார், அவிழ்த்தார், கொட்டினார், பிசைந்தார்.

அடுப்பிலிருந்து பிஸ்கட் வெளிறிப்போய் வந்தது. சர்க்கரை இல்லாத பிஸ்கட் சிவக்காது என்று இன்று எங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அன்று, அடுப்புக்குச் சூடு போதவில்லை என்று நாங்களே தீர்ப்பு எழுதித் தீயைக் கூட்டினோம். மெக்கானிக்கை வரவழைத்து, பாவப்பட்ட அடுப்பைக் கழற்றி மாட்ட வைத்தோம். வேலை நேரத்தில் யாரும் பிஸ்கட்டை வாயில் போடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. வருடமெல்லாம் மீறிய அந்த விதியை அன்றைக்குப் பார்த்து அத்தனை பேரும் உத்தமர்களாகக் கடைப்பிடித்தோம். பேக்கிங் பிரிவாகிய நாங்களும் கண்ணும் கருத்துமாக அடைத்து, ஒட்டி, லாரியில் ஏற்றி, கையசைத்து வழியனுப்பினோம்.

மறுநாள் கடைத்தெருவே காறித் துப்பியது. பிள்ளைகள் அழுதார்கள், பெற்றவர்கள் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள், கடைக்காரர்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். போன லாரிகள் போன வேகத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றன.

கலரக்கா அந்தக் காலிச் சாக்கைத் தேடி எடுத்து மாவு மச்சான் முன்னால் விரித்தார்.

"தம்பி, இவ்ளோ பெருசா எழுதியிருக்கே. கண்ணுல படலையா?"

"பட்டுச்சுக்கா. அது எழுத்தா? நான் சாக்குல போட்ட பூ டிசைன்னு நெனச்சேன்."

அங்கே நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"நீலம்னா சக்கரைன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. நான் நீலத்தப் பாத்துத்தான் கொட்டினேன். நான் பண்ணது தப்பா?"

கலரக்கா சாக்கை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அலுவலக அறைக்கு நடந்தார். அவருடைய நிறங்கள் எங்களுக்கு வழி காட்டவில்லை, எங்கள் கண்ணைக் கட்டித்தான் வைத்திருந்தன என்பது அவருக்கு அன்றைக்கு உறைத்தது.

இந்த இடத்தில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு முதலாளி அவர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். அன்று அவர் அலுவலக அறையில் போட்ட சத்தம் பேக்கிங் வரைக்கும் கேட்டது.

"அந்த ஆள வீட்டுக்கு அனுப்புங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். பெரிய அடுப்பு ஒண்ணு வாங்கப் போறேன். திரையில எழுத்து ஓடும், அதப் படிச்சுத்தான் ஓட்டணும். இவங்கள நம்பி அத இங்க வைக்க முடியாது. படிச்ச ஆளுங்க இருக்கற ஊர்ல வெச்சுக்கறேன். இந்த ஆலை ஓடற வரைக்கும் ஓடட்டும்."

ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றால் சீக்கிரம் நிற்கப்போகிறது என்று பொருள். அது புரிவதற்கு எங்களுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. எத்தனை வீட்டு அடுப்பு இந்த ஓர் அடுப்பை நம்பி எரிந்தது என்று கலரக்காவுக்கும் தெரியும்.

"ஐயா, மழைக்காலம் வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள இவங்க வாசிப்பாங்க. வாசிக்கலன்னா அடுப்ப எங்க வேணா வைங்க, என் ராஜினாமாவையும் வாங்கிக்குங்க. அந்தத் தம்பி மட்டும் வேலையில இருக்கட்டும். கயிறு கட்டச் சொன்னது நான்."

"எழுத்து சொல்லிக் குடுக்கறது பள்ளிக்கூடத்து வேலைம்மா. ஊருக்கு மொதல்ல தொழில் வரணும், காசு புழங்கணும். படிப்பு பின்னாடியே தானா வரும்."

"தொழில் வந்து எத்தன காலமாச்சுங்கய்யா? படிப்பு தானா வரல. உப்புதான் தானா வந்துச்சு."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றும், அதை மறைக்க இருமினார் என்றும் கணக்கர் ஐயா சாட்சி சொல்கிறார்.

"சரி, வாசிக்கக் கத்துக்கிட்டாங்கன்னே வெச்சுக்குவோம். அப்புறம் நம்மகிட்ட நிப்பாங்களா? வேற நல்ல வேலைக்கு ஓடிருவாங்க."

"ஓடட்டுமே. நல்ல சம்பளம் வாங்கறவங்க வீட்டுப் புள்ளைங்களும் பிஸ்கட்தான கேக்கும்? வாங்கித் தின்ன வக்கில்லாத ஊர்ல அடுப்ப மட்டும் பெருசா வெச்சு யாருக்கு விக்கப் போறீங்க?"

ஆன்றோரே! அவையோரே! ஒரு நாட்டின் செழிப்புக்கும் அதன் மக்களின் எழுத்தறிவுக்கும் உள்ள உறவை அறிஞர்கள் அரங்குகளில் அலசட்டும். ஆய்வாளர்கள் அட்டவணை போட்டு அளக்கட்டும்! எங்கள் அக்கா அதை ஒரே மூச்சில், அலுவலக அறையின் வாசற்படியில், முந்தானையில் மாவோடு நின்று சொல்லிவிட்டார்! மழைக்காலம் வரை தவணை கிடைத்தது.

தவணை கிடைத்ததே தவிர, நேரம் எங்கே இருக்கிறது? வேலை முடிந்தால் வீட்டில் ஆயிரம் வேலை. கலரக்கா கண்டுபிடித்த நேரத்தை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் அது சூடேறும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டார். பிசைகிற மேசையில் மாவைத் தூவிப் பரப்பி, விரலால் எழுதச் சொன்னார். முதல் பாடம் அகரம் அல்ல. 'உப்பு'! அடுத்து 'சர்க்கரை'. ஒரு சொல்லைப் பெரும்பாலானோர் வாசித்துவிட்டால், அதற்குரிய நிறத்தை அன்றைக்கே அழிப்பார். நீலக் கயிறு போனது, மஞ்சள் கயிறு போனது, குழாய்களுக்கு வெள்ளை அடித்து மேலே எழுத்தை எழுதினார். தன் கையால் தீட்டிய நிறத்தையெல்லாம் தன் கையாலேயே ஒவ்வொன்றாக அழித்தார். அவசரத்துக்கு இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை மட்டும் விட்டுவைத்தார். "ஆபத்து வந்தா வாசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்பது அவர் சொன்ன காரணம்.

எல்லோருக்கும் எழுத்து ஏறியது, மாவு மச்சானுக்கு மட்டும் ஏறவில்லை. கடைத்தெருவில் அவரைக் கண்டாலே "உப்பு வருது, ஓடுங்க" என்று கேலி செய்தார்கள். மனிதர் நொந்துபோய், அடுப்பு சூடேறும் நேரத்தில் சாக்கு அடுக்கின் பின்னால் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார். கலரக்கா அங்கேயே போய் அவருக்கு எதிரில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? என் மண்டையில மாவுதான் இருக்கு."

"மாவு இருந்தா நல்லதுதான தம்பி. நாம மாவுலதான எழுதறோம்?"

தான் உட்கார்ந்திருந்த சாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தார். அடுப்பு சூடேறி, சங்கு ஊதி, ஆட்கள் தேடி வந்தும் அவர் அசையவில்லை. கடைசியில் பதில் வந்தது. அது சரியான பதிலும் அல்ல. ஆனால் மறுநாளிலிருந்து மச்சான் சாக்கின் பின்னால் ஒளியவில்லை.

மழை மேகம் திரண்டுகொண்டிருந்த ஒரு காலையில் இயந்திரக் கம்பெனிக்காரர் வந்தார். இவர்களிடம் அடுப்பை ஒப்படைக்கலாமா என்று பார்த்துச் சொல்ல முதலாளி கூட்டிவந்த ஆள். கிடங்கில் எல்லாம் வெள்ளைச் சாக்கு. கலைத்துப் போட்ட வரிசையில் சர்க்கரையை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். யார் எடுப்பது என்று அவர் கேட்டபோது, கலரக்கா நன்றாக வாசிக்கிற அத்தனை பேரையும் தாண்டி வந்து மாவு மச்சானின் தோளில் கை வைத்தார். "இவங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று ஒருவர் முணுமுணுத்தது உண்மை. அவர் யார் என்று சொல்ல மாட்டோம். அவர் பேக்கிங் பிரிவு.

மச்சான் ஒவ்வொரு சாக்காகக் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது, விரல் எழுத்தின் மேல் ஊர்ந்தது. ஒன்று சரி, இன்னொன்றும் சரி. அப்புறம் வரிசையின் நடுவில் ஒரு சாக்கின் வாயில் நீலக் கயிறு! எப்போதோ ஒழித்துக்கட்டிய நீலம். முதலாளி எங்கேயோ தேடிப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் தன் கையாலேயே கட்டி வைத்திருந்தார். மச்சான் கண்ணில் அது பட்டது. வருடக்கணக்காகப் பழகிய கை, தானாக நீண்டு கயிற்றின் முடிச்சைப் பிடித்தது. கலரக்கா கண்ணை மூடிக்கொண்டார். அவர் ராஜினாமாக் கடிதம் அவர் பையிலேயே இருந்தது.

முடிச்சைப் பிடித்த கை நின்றது. மச்சான் சாக்கைப் புரட்டினார். வயிற்றில் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இது உப்பு சார்" என்றார். பிறகு கயிற்றை அவிழ்த்து முதலாளி கையில் கொடுத்தார். "இந்தக் கயிறு பொய் சொல்லுதுங்க."

அன்றைக்கு இந்தக் கூரை பறந்து போகாமல் நின்றது கட்டினவர் திறமை! கைதட்டினோம், கத்தினோம், தட்டுகளைத் தூக்கித் தட்டினோம்! இயந்திரக்காரரும் சேர்ந்து கைதட்டினார். முதலாளி அந்த நீலக் கயிற்றை விரலில் சுற்றியபடி, "அடுப்ப எங்க எறக்கறதுன்னு எடத்தக் காட்டும்மா" என்றார். கலரக்கா கண்ணைத் திறந்து, முதலில் மச்சானைப் பார்த்தார், அப்புறம்தான் இடத்தைக் காட்டினார்.

வாசிக்கக் கற்றவர்களில் சிலர் முதலாளி சொன்னபடியே ஓடித்தான் போனார்கள். ஒருவர் பஸ் கண்டக்டர் ஆனார், ஒருத்தி மருந்துக்கடையில் சேர்ந்தாள், இன்னொருத்தி வாசலுக்கு எதிரிலேயே தையல்கடை போட்டு எங்களிடமே கறாராகக் கூலி வாங்குகிறாள். போனவர்கள் இடத்துக்கு அவர்களைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வந்தார்கள். ஒரு காலத்தில் புழுதி மட்டும் பறந்த தெருவில் இன்று வங்கிக் கிளை இருக்கிறது. படிவத்தைத் தானே நிரப்பிக் கடன் வாங்கிய பெண்களின் கடைகள் இருக்கின்றன. அத்தனை கடையிலும் எங்கள் பிஸ்கட் இருக்கிறது! ஒன்றாக வந்த அடுப்பு இரண்டாகி, இரண்டு நான்காகிவிட்டது. முதலாளி அவர்களும் இப்போதெல்லாம் கூட்டங்களில், "அடிப்படைக் கல்விதான் பொருளாதாரத்தின் அடுப்பு" என்று முழங்குகிறார். அந்த அடுப்பைப் பற்றவைத்தவர் யார் என்பதை அவர் சொல்ல மறந்துவிடுவதால் நாங்கள் இங்கே சொல்லிவைக்கிறோம்.

அம்மையே! கட்டிவைத்த 'தாங்கள்' என்ற சொல்லை இதோ அவிழ்த்துவிடுகிறோம். நிறம் தந்து எங்களை நடத்தியவரும் தாங்களே. அந்த நிறத்தை அழித்து எங்களைத் தனியே நடக்க விட்டவரும் தாங்களே! தான் கட்டியதைத் தானே கலைக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்! ஓய்வு என்னும் சொல்லைத் தாங்கள் வாசித்ததாக எங்களுக்கு நினைவில்லை; இனியாவது நிதானமாக எழுத்துக் கூட்டி வாசியுங்கள். மூட்டு வலியின்றி மாடி ஏறி, பல்லுக்கும் பார்வைக்கும் பழுதின்றி, பேரப்பிள்ளைகள் சூழப் பெருவாழ்வு வாழ்க! அடுப்பு ஞாபகம் வந்தால் பின்வாசல் வழியாகவே வாருங்கள், நாளை முதல் அது திறந்திருக்கும்.

இங்கே கணக்கர் ஐயா இறங்கிக்கொள்கிறார். புதிய அடுப்பு இறங்கிய நாளில், ஆண்டு விழாவில் மேடையேறி நாலு வரி வாசிக்குமாறு தாங்கள் ஒருவரைக் கெஞ்சினீர்கள். "சாக்கு முன்னாடி வாசிப்பேன்கா, சனங்க முன்னாடி மாட்டேன். நீங்க வேலைய விட்டுப் போற அன்னிக்கு வேணா பாக்கலாம்" என்று அவர் தப்பித்துக்கொண்டார். அந்த நாள் வந்துவிட்டது. கடைசித் தாளை எழுதியவரும் இதோ வாசிக்க வருகிறவரும் மாவு மச்சான்தான்.

அக்கா. நீங்க போகவே மாட்டீங்கன்னு நம்பித்தான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன். ஏமாத்திட்டீங்க.

வரி தப்பிப் போனா மறுபடி பிடிச்சு வாசிப்பேன், யாரும் எடுத்துக் குடுக்க வேண்டாம்.

நான் உப்பு கொட்டின அன்னிக்கு என் பொண்ணு பள்ளிக்கூடம் போகல. வீட்டுல தம்பியப் பாத்துக்கிட்டு இருந்தா. பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். கயித்த அவிழ்த்து முதலாளி கையில குடுத்த மறுநாள் அவளக் கூட்டிட்டுப் போய்ச் சேத்தேன். இப்ப அவ அந்த இயந்திரக் கம்பெனியில வேலை பாக்குறா. அடுப்ப எப்படி ஓட்டணும்னு கூட வர்ற புத்தகத்த எழுதறது அவதான். அதப் படிச்சுத்தான் நான் அடுப்ப ஓட்டறேன். ஒரு வரி புரியலன்னாலும் போன் போட்டுத் திட்டறேன். திட்டறதுக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமாக்கா?

உங்களுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வெச்சிருக்கேன். நானே பிசைஞ்சது. வெள்ளைத் தாளு, கயிறு கட்டல. மேல என் கையால எழுதியிருக்கேன். அத இங்கயே வாசிச்சுட்டுத் தர்றேன்.

"சர்க்கரை போட்டது. சாக்கை ரெண்டு தடவை வாசிச்சுப் பார்த்தேன்."

இப்படிக்கு,
அடுப்பு சூடேறும் நேரத்தில் எழுத்துக் கற்ற,
பிசையறை, அடுப்புக்கூடம், கிடங்கு, பேக்கிங் பிரிவுத் தோழர்கள்